சருகுக்கு வைத்த தீ பால் டம்ளரில் வந்து நிற்கிறது!
தெருவில் குப்பை எரித்தால் 5 ஆயிரம் ரூபாய்!

காலை 6½ மணி.

பால் வாங்கப் போகிறீர்கள். தெரு முனையில் ஒரு குவியல். வேப்பஞ்சருகு, மாவிலை, நடுநடுவே பிஸ்கட் உறை, பால் கவர், யாரோ வீசி எறிந்த அறுந்த ரப்பர் செருப்பு. எந்தப் புண்ணியவானோ தீக்குச்சியைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

குவியல் கொழுந்து விட்டு எரியவில்லை. புகைகிறது. மெல்ல, பொறுமையாக, 2 மணி நேரம் புகைகிறது.

அந்தப் புகைக்குள்தான் பஸ் ஸ்டாப். பக்கத்தில் டீக்கடை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெரியவர் இருமிக்கொண்டே ஜன்னலைச் சாத்துகிறார்.

"என்ன சார், இலைதானே!" என்பார்கள் கேட்டால்.

இலைதானா? கொஞ்சம் பார்ப்போம்.

தலைக்கு மேலே மூடி!

புகை என்றால் மேலே போய்விடும் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். பகல் 12 மணிக்கு ஓரளவு போகும். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் போகாது.

ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து கிடக்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது வெதுவெதுப்பான காற்று. அது சோற்றுப் பானைக்குத் தட்டுப் போட்ட மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. புகை அந்தத் தட்டில் முட்டி, திரும்பி, நம் மூக்கு உயரத்திலேயே சுற்றுகிறது.

நாம் குப்பைக்குத் தீ வைக்கும் நேரமோ சரியாக அந்த நேரம்!

இன்னொன்று. கொழுந்து விட்டு எரிகிற தீயைவிடக் கனன்று புகைகிற தீ மோசம். பனியில் நனைந்த இலை பாதிதான் எரியும். மீதி புகையாகவும் கார்பன் மோனாக்சைடு வாயுவாகவும் வெளியே வரும். அந்தப் புகையில் இருக்கிற பொடி, தலைமயிரின் பருமனில் சுமார் 30-ல் ஒரு பங்குதான். மூக்கு முடி அதைத் தடுக்காது. தொண்டையும் தடுக்காது. நேரே நுரையீரலின் அடி வரை போகும். அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கும்.

ஒரு கன மீட்டர் காற்றில் இந்தப் பொடி ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் நாட்டு அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15-தான்.

ஆஸ்துமாக்காரர் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக் குவியல் புகைய ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். குழந்தை படுக்காது. உட்கார்ந்தபடி மூச்சு வாங்கும். நெஞ்சில் விசில் அடிக்கும்.

பாயும் முறமும் போய் டயர் வந்தது

நம் தாத்தா காலத்துப் போகியில் எரிந்தது என்ன? கிழிந்த கோரைப் பாய், தேய்ந்த விளக்குமாறு, ஓட்டை முறம், பழைய ஓலை. எல்லாம் மண்ணில் முளைத்தது. எரிந்தால் சாம்பல். சாம்பலை எடுத்துப் பாத்திரம் தேய்த்தார்கள். விடியற்காலையில் பையன்கள் சின்ன மேளத்தைத் தட்டிக்கொண்டு தீயைச் சுற்றி வந்ததை நினைத்தால் இந்த நிருபருக்கு இன்றைக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது.

அப்புறம் டயர் வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. நைலான் கயிறு, ரெக்சின் பை, ஒயர், தெர்மோகோல் எல்லாம் வரிசையாக வந்தன. சடங்கு அதேதான். எரிகிற பொருள்தான் மாறிவிட்டது.

13-1-2018 போகிப் பண்டிகை காலை. புகையும் பனியும் சேர்ந்து சென்னை மீனம்பாக்கத்தை மூடிக்கொண்டன. ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. வந்த விமானங்கள் இறங்க முடியாமல் பெங்களூர், ஐதராபாத் என்று திருப்பி விடப்பட்டன. கிளம்ப வேண்டிய விமானங்கள் மணிக்கணக்கில் நின்றன.

விமானம் நின்றதால் அது பத்திரிகையில் வந்தது. அதே காலையில் எத்தனை வீட்டில் எத்தனை பேருக்கு மூச்சு நின்று நின்று வந்தது என்பது வரவில்லை.

மாடு மேய்கிறது, பால் வருகிறது

இப்போது விஷயத்துக்கு வருவோம்.

ஒயர், குழாய், ரெக்சின் இவற்றில் பெரும்பாலும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் இருக்கிறது. அதற்குள் குளோரின் இருக்கிறது. அதை எரித்தால் முதலில் வருவது அமில வாயு. கண் எரியும், தொண்டை கரகரக்கும். அது தெரிந்த எதிரி. ஒதுங்கிப் போய்விடலாம்.

தெரியாத எதிரி ஒன்று உண்டு. அதன் பெயர் டயாக்சின். அதில் மிகக் கொடிய வகையை, புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997-லேயே அறிவித்துவிட்டது.

குப்பையை எரிக்கும் பெரிய ஆலைகளில் இதை ஒழிக்க 850 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தெருமுனைக் குவியலில் அந்தச் சூடு எங்கே வரும்? டயாக்சின் உற்பத்தி ஆவதற்கு நம் குவியல்தான் தோதான அடுப்பு. தாமிரம் எடுக்க ஒயரைக் கொளுத்துகிறார்களே, அங்கே இன்னும் அதிகம். தாமிரமே அந்த விஷம் உருவாகத் துணை செய்கிறது. அரை கிலோ தாமிரத்துக்காக நாள் முழுக்க அந்தப் புகையில் நிற்கிறவர் ஏழை. முதலில் சாகிறவரும் அவர்தான்.

இந்த டயாக்சின் புகையோடு போய்ச் சாம்பலோடு இறங்குகிறது. மண்ணில் படிகிறது. புல்லில் படிகிறது. மாடு மேய்கிறது. அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே பாலில் வந்து நிற்கிறது. மனிதன் உடம்பில் சேரும் டயாக்சினில் 100-க்கு 90 பங்குக்கு மேல் சாப்பாட்டு வழியாகத்தான் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உள்ளே போனால் லேசில் வெளியேறாது. பாதி கழிய 7 முதல் 11 வருடம்!

எங்கோ அமெரிக்காவில் என்று நினைக்காதீர்கள்.

நம் பெருங்குடி குப்பை மேட்டுக்கே ஜப்பான் விஞ்ஞானிகள் வந்து ஆராய்ந்தார்கள். 2004-ல் அந்த ஆய்வு வெளிவந்தது. குப்பை மேட்டுப் பக்கத்தில் வசித்த தாய்மார்களின் தாய்ப்பாலில், மற்ற இடத்துத் தாய்மார்களைவிட டயாக்சின் கூடுதலாக இருந்தது. எப்படி வந்தது என்று தேடினார்கள். அங்கே மேய்ந்த மாடுகளின் பால் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னார்கள்.

(இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பாலின் நன்மை இதைவிடப் பல மடங்கு பெரியது என்பதே மருத்துவர்களின் முடிவு. நிறுத்த வேண்டியது தீயை.)

அதே பெருங்குடியில் 27-4-2022 அன்று குப்பை மேடு தீப்பிடித்தது. அணைக்கச் சில நாட்கள் ஆயின. மேலே தண்ணீர் அடித்தால் அடியில் கனல் ஓடுகிறது. சுற்று வட்டாரத்தில் ஜன்னலைத் திறக்க முடியாமல் ஜனங்கள் தவித்தார்கள். தெருமுனைக் குவியல் என்பது அதன் குட்டிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"என் வீட்டுக் குப்பை, என் வாசல், நான் எரிப்பேன்" என்பவர்கள் உண்டு. அவர்கள் கவனத்துக்கு.

1981-ம் ஆண்டு காற்று மாசு தடுப்புச் சட்டத்திலேயே, எரிபொருள் அல்லாத எந்தப் பொருளையும் எரிக்கத் தடை போட மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். (எரிபொருள் அல்லாத என்பதைக் கவனிக்கவும். அடுப்பில் விறகு வைத்துச் சமைக்கிறவரை யாரும் பிடிக்க மாட்டார்கள்.)

2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு விதிகள் இன்னும் கறாராகச் சொல்லின. குப்பையை உண்டாக்குகிறவர் தெருவிலோ, பொது இடத்திலோ, சாக்கடையிலோ, நீர்நிலையிலோ அதைப் போடவும் கூடாது, எரிக்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது.

அதே வருடம் டிசம்பர் 22-ந் தேதி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஒரு போடு போட்டது. நாடு முழுவதும் திறந்த வெளியில் குப்பை எரிக்கத் தடை. சாதாரணமாக எரித்தால் 5 ஆயிரம் ரூபாய். மொத்தக் குப்பையை எரித்தால் 25 ஆயிரம் ரூபாய். குப்பை மேடுகளுக்கும் இந்தத் தடை உண்டு. காம்பவுண்டுக்கு உள்ளே எரித்தேன் என்று தப்பிக்கப் பார்ப்பதும் சிரமம்தான். புகை காம்பவுண்டுக்குள் நிற்பதில்லையே!

அது போக, போலீஸ் சட்டமும் இருக்கிறது. 1-7-2024 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சம்ஹிதாவில் 287-வது பிரிவு. உயிருக்கு ஆபத்து வரும்படி நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டால் 6 மாதம் வரை ஜெயில், அல்லது 2 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 280-வது பிரிவு காற்றைக் கெடுப்பவர்களுக்கு. அதற்கு ஆயிரம் ரூபாய் வரை அபராதம்.

சட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. 5 ஆயிரம் ரூபாய் கட்டிய ஆளைத் தெருவில் பார்ப்பதுதான் அபூர்வம்.

பெருக்குகிறவர் மேல் பாயாதீர்கள்

தெருவில் எரிகிற குவியல் பலவற்றுக்குத் தூய்மைப் பணியாளர் மேல் பழி போடுகிறோம். கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒரு தெரு முழுக்கப் பெருக்கினால் சருகு மலையாகச் சேர்கிறது. வண்டியில் அழுத்தினாலும் நிற்காது, காற்றில் பறக்கும். வண்டி எப்போது வரும் என்பது தெரியாது. அதற்குள் மேஸ்திரி வந்து "இன்னும் தெரு சுத்தம் ஆகலையா?" என்கிறார். அந்த அம்மா என்ன செய்வார்?

அந்தச் சருகோடு பால் கவரையும் சிப்ஸ் உறையையும் கலந்தது யார்? பெருக்குகிறவர் இல்லை. நாம்தான்.

நீறு பூத்த நெருப்பு

உடல்நலம் ஒரு பக்கம். உடனே உயிரை வாங்குகிற ஆபத்து இன்னொரு பக்கம்.

காலையில் எரிந்தது. மதியம் பார்த்தால் வெள்ளைச் சாம்பல். அணைந்துவிட்டது என்று நினைப்போம். அடியில் கனல் அப்படியே இருக்கும். சாயந்திரம் பந்து பொறுக்க வரும் பிள்ளை வெறுங்காலோடு மிதிக்கும். அல்லது அந்தச் சாம்பலை அள்ளி யாராவது பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டுவார்கள். ராத்திரி 10 மணிக்குத் தொட்டியே உருகி எரியும். பக்கத்தில் நிற்கிற ஸ்கூட்டர் எரியும். கீற்றுக் கொட்டகை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

குவியலுக்குள் என்ன இருக்கிறது என்று எரிக்கிறவருக்குத் தெரியாது. காலியான கொசு மருந்து டப்பா, சென்ட் டப்பா, செல்போன் பேட்டரி, கேஸ் லைட்டர். சூடு ஏறினால் வெடிக்கும். குனிந்து கிளறிக்கொண்டிருப்பவர் முகத்தில் அடிக்கும்.

மரத்தடியில் வைத்தால் மரம் வேகிறது. பட்டை கருகினால் பெரிய மரமும் பட்டுப்போகும். மின்சாரப் பெட்டி ஓரத்தில் வைத்தால் தெருவே இருட்டு.

சீக்கிரம் பற்றட்டும் என்று பெட்ரோல் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவி ஊற்றுகிறவர் காலடி வரை படர்ந்திருக்கும். தீக்குச்சி உரசினதும் முதலில் பற்றுவது அவர் வேட்டிதான்.

யாரோ வைத்த தீயை அணைக்கப் போகிறீர்களா? தைரியத்தைப் பாராட்டுகிறோம். ஆனால் காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து அடிக்கும்படி நில்லுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பி வராதீர்கள். நீண்ட கம்பால் குவியலைப் பரத்துங்கள். ஊற்றுங்கள். கிளறுங்கள். மறுபடி ஊற்றுங்கள். டயர், எண்ணெய், பிளாஸ்டிக் எரிந்தால் மணல் போடுங்கள். பக்கத்தில் மின்சாரப் பெட்டியோ ஒயரோ இருந்தால் தண்ணீர் கூடாது. தீ இடுப்புக்கு மேல் எழும்பினால் உங்கள் வேலை இல்லை. 101 அல்லது 112-க்குப் போன் செய்துவிட்டு விலகி நில்லுங்கள்.

துணியில் பற்றினால் ஓடாதீர்கள். ஓடினால் தீ வளரும். தரையில் விழுந்து உருளுங்கள். சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். பற்பசை, மை, மஞ்சள், மாவு எதையும் அப்பாதீர்கள். டாக்டர் முதலில் அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். நைலான் சேலை உருகி ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது. பெரிய காயம் என்றால் 108. கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கென்றே தனி வார்டு இருக்கிறது.

வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், புகை வரும் பக்கத்து ஜன்னலை மட்டும் சாத்துங்கள். மூச்சு மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஈரத் துணி நுண்பொடியைத் தடுக்காது. என்-95 மூக்குக்கவசம் தடுக்கும். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் ஆட்டோவைக் கூப்பிடுங்கள். யோசிக்க நேரம் இல்லை.

எரிக்காமல் என்ன செய்வது?

கேள்வி நியாயமானது.

தென்னை மட்டையை அந்தக் காலத்தில் யாரும் எரித்ததில்லை. கீற்று முடைந்தார்கள், ஈர்க்கு கிழித்து விளக்குமாறு கட்டினார்கள். இப்போதும் வாங்க ஆள் இருக்கிறது.

சருகுக்கு ஓட்டை போட்ட ஒரு பழைய டிரம் போதும். 3 கூடை சருகுக்கு ஒரு கூடை காய்கறித் தோல். மேலே கொஞ்சம் புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளியுங்கள். பிழிந்த துணி மாதிரி ஈரம் இருந்தால் சரி. வாரம் ஒரு முறை கிளறுங்கள். வேப்பிலை சீக்கிரம் மக்கும். மாவிலை அடம் பிடிக்கும், ஒடித்துப் போடுங்கள். 2, 3 மாதத்தில் எரு. நாற்றம் வந்தால் தோல் அதிகம் என்று அர்த்தம், சருகைக் கூட்டுங்கள்.

"டிரம் வைக்க இடம் ஏது? ஒண்டுக் குடித்தனம்!" என்கிறீர்களா? சரி. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டையும் தனித்தனியே வாங்க வாசலுக்கு வண்டி வருகிறது. பிரித்துக் கொடுத்தால் போதும். பால் கவரைக் கழுவிச் சேர்த்தால் பழைய பேப்பர்காரர் காசு கொடுத்து வாங்குவார். போகிக்கு முன்னால் பழைய துணி, டயர், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் தூய்மைப் பணியாளரிடமே கொடுக்கச் சொல்லி மாநகராட்சி அறிவித்ததும் உண்டு. கோரைப் பாய் ஒன்றைக் கிழித்துச் சடங்குக்குக் கொளுத்துகிறேன் என்பவரோடு இந்த நிருபர் சண்டைக்குப் போகத் தயாராக இல்லை. டயரைத் தூக்கி வருகிறவரோடு போகத் தயார்.

கடைக்கார அண்ணாச்சிகளுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி கடை கட்டும்போது அட்டைப் பெட்டியையும் பிளாஸ்டிக் நாடாவையும் சேர்த்துக் கொளுத்துவதை விடுங்கள். அட்டை எடைக்குப் போகும். எரிப்பது காசை எரிப்பது.

கொசுவுக்காகப் புகை போடுகிறோம் என்பார்கள். புகை நிற்கிற வரை கொசு நகர்ந்து நிற்கும். புகை கலைந்ததும் திரும்பி வரும். உங்கள் நுரையீரல்தான் திரும்பி வராது. தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்தால் கொசுவுக்குத் தொட்டிலே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் எரிக்கிறாரா? முதல் நாளே புகார் வேண்டாம். "மாமி, எங்க குழந்தைக்கு மூச்சு முட்டுது, கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்றால் நூற்றுக்கு எண்பது பேர் வாளியை எடுத்து வருவார்கள். மீதிப் பேருக்கு மாநகராட்சி போன் 1913. தெருப் பெயர், கதவு எண், பக்கத்து அடையாளம், என்ன எரிகிறது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.